நோர்வேயில் புதிதாகப் பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கு: நிலமும் பொழுதும் அன்றாடமும்

நோர்வேக்கு வந்து சேர்ந்த முதல் மாதத்தில் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் ஏன் எங்களை வெளியே விளையாட அனுப்புகிறார், மத்தியானத்தில் எல்லோரும் ஏன் ஆறிய பாண் சாப்பிடுகிறார்கள், இரவு பத்து மணிக்கு ஏன் இன்னும் வெளிச்சமாக இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். இவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, நம் பழைய இலக்கணகாரர் வகுத்த ஒழுங்கைப் பின்பற்றுவது எளிது. நிலத்தையும் பொழுதையும் அவர்கள் முதற்பொருள் என்றார்கள். உணவு, மரம், விலங்கு, தொழில் முதலியவற்றை அவற்றின் வழி வரும் கருப்பொருளாக வைத்தார்கள். நோர்வேயின் நிலத்தையும் பொழுதையும் ஒரு பிள்ளை சரியாக விளங்கிக்கொண்டால், மேலே சொன்ன கேள்விகளில் முக்கால்வாசிக்கு அந்தப் பிள்ளையே பதில் சொல்லிவிடும். இந்த வழிகாட்டியைப் பெற்றோர் பிள்ளைகளுடன் சேர்ந்திருந்து, ஒரு நாளைக்கு ஒரு படி என்ற கணக்கில் வாசிப்பது நல்லது.

முதற்படி: வரைபடத்தைக் கையால் வரையுங்கள்

அச்சிட்ட வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் ஓர் அகப்பையை வரையுங்கள். அகப்பையின் குழிந்த பகுதி கீழே இடப்பக்கம் இருக்கட்டும். காம்பு மேல்நோக்கி வலப்பக்கம் சாய்ந்து போய், நுனியில் சற்று வளையட்டும். நோர்வேயின் உருவம் ஏறத்தாழ இதுதான். காம்பின் வலப்பக்கம் முழுவதும் சுவீடன் இருக்கிறது, நுனிக்குக் கீழே பின்லாந்தும் ரஷ்யாவும் வருகின்றன. இடப்பக்கமும் மேலும் கீழும் கடல்தான். தெற்கே வடகடல், நடுவே நோர்வீஜியக் கடல், வடகிழக்கில் பாரென்ட்ஸ் கடல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நகரங்களைக் குறியுங்கள். அகப்பைக் குழியின் கீழ் வலப்பக்கத்தில், கடல் உள்ளே நீண்டு வந்து முடியும் இடத்தில் தலைநகர் ஒஸ்லோ இருக்கிறது. மேற்குக் கரையில் பேர்கன், அதற்குத் தெற்கே ஸ்தவாங்கர், குழியும் காம்பும் சேரும் இடத்தில் துரொன்ட்ஹெய்ம், காம்பின் மேற்பகுதியில் துரொம்சோ ஆகியவற்றை இடுங்கள். காம்பின் நடுப்பகுதியில் கிழக்கு மேற்காக ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். அது ஆர்க்டிக் வட்டம், ஏறத்தாழ 66.5 பாகை வட அகலக்கோடு. அந்தக் கோடு பின்னர் தேவைப்படும்.

தென்முனையான லின்டெஸ்நெஸ் என்ற இடத்திலிருந்து பெருநிலத்தின் வடமுனை வரை நேர்கோட்டில் சுமார் 1,750 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான இலங்கையின் நீளத்தை நான்கு முறை வைத்தால் இந்தத் தூரம் வரும். ஆனால் காம்பு மிக மெலிந்தது; ஓரிடத்தில் கடல்நீருக்கும் சுவீடன் எல்லைக்கும் இடையே 6.3 கிலோமீற்றர்தான் இருக்கிறது. மலைகள் மட்டும் குறுக்கே நில்லாவிட்டால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கத் தொடங்கி மத்தியானத்துக்கு முன் அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம்.

பெருநிலத்தின் பரப்பு சுமார் 3,24,000 சதுர கிலோமீற்றர். இது இலங்கையைப் போல ஐந்து மடங்கு. மக்கள்தொகையோ சுமார் 56 இலட்சம். இலங்கையின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளைக் கொண்டே கணக்குப் பார்க்கச் செய்யுங்கள். ஒரே அளவு நிலத்தில் இலங்கையில் இருபது பேர் இருந்தால் இங்கே ஒருவர்தான் இருப்பார் என்ற விடை வரும். பேருந்தில் ஒவ்வோர் இருக்கையிலும் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, அருகில் ஒருவரும் வந்து அமராமல் இருப்பதைக் கண்டு தங்களை ஒதுக்குகிறார்கள் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் ஆறுதல் தரும். இந்த ஊரார் விலகி அமர்ந்தே பழகியவர்கள்.

அடுத்ததாக, தாளின் இடப்பக்கக் கரையை நேர்கோடாக விடாமல், சீப்புப் பல்லைப் போல உள்ளே கிழித்துக்கொண்டே போங்கள். அவைதான் பியோர்டுகள். பனியுகத்தில் பல நூறு மீற்றர் தடித்த பனியாறுகள் மலைகளை அறுத்துக்கொண்டு கடலை நோக்கி நகர்ந்தன. பனி உருகியபின் அந்தப் பள்ளங்களுக்குள் கடல் புகுந்தது. மிக நீண்டதான சொங்னெ பியோர்டு 205 கிலோமீற்றர் உள்ளே போகிறது. அதன் ஆழமான இடம் சுமார் 1,300 மீற்றர். யாழ்ப்பாணக் களப்பிலும் கடல்தான் நிலத்துக்குள் வந்திருக்கிறது, ஆனால் களப்பில் பல இடங்களில் மனிதர் இறங்கி நடக்கலாம். இங்கே கரையிலிருந்து நாலு அடி வைத்தால் கால் நிலத்தில் படாது. பியோர்டுகளையும் தீவுகளையும் சேர்த்து அளந்தால் இந்த நாட்டின் கடற்கரை 1,00,000 கிலோமீற்றருக்கும் மேல் வருகிறது.

இந்தக் கிழிந்த கரையிலிருந்து மூன்று செய்திகள் பிறக்கின்றன. முதலாவது, போக்குவரத்து. தெருவைக் கடல் வெட்டும் இடத்தில் வாகனத்தோடு ஏறிப் போகும் படகு இருக்கும். மலை வெட்டும் இடத்தில் சுரங்கப்பாதை இருக்கும். 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லார்டால் சுரங்கம் 24.5 கிலோமீற்றர் நீளமானது. உலகின் மிக நீண்ட தெருச் சுரங்கம் இதுவே. சாரதிகளுக்குத் தூக்கமும் திகைப்பும் வராதிருக்க அதன் உள்ளே மூன்று இடங்களில் குகைபோல அகலமாக்கி நீல ஒளி போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, உணவு. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 3 வீதமே பயிர்செய்யும் நிலம். மிச்சம் மலை, காடு, ஏரி, பனி. எனவே மக்கள் கடலைப் பார்த்தே வாழ்ந்தார்கள். மூன்றாவது, மின்சாரம். உயர்ந்த மலையிலிருந்து விழும் நீர் மின்சக்தியாகிறது. நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது.

ஒரு சிறு வேடிக்கையையும் வகுப்பில் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். நோர்வேயின் மிக உயரமான மலையான கால்ஹோபிக்கன் 2,469 மீற்றர். இலங்கையின் பீதுருதாலகால 2,524 மீற்றர். நம்முடையதுதான் உயரம்! உயரம் குறைந்த மலையில் ஆண்டு முழுவதும் பனி கிடக்க, உயர்ந்த மலையடிவாரத்தில் தேயிலை வளர்வது எப்படி என்ற கேள்வி அடுத்த படிக்குக் கொண்டுபோகும்.

இரண்டாம் படி: பொழுதைக் கணக்கிடுங்கள்

பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதால், நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள இலங்கையில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. வடக்கே போகப் போக வேறுபாடு கூடுகிறது. ஒஸ்லோவில் டிசம்பர் பிற்பகுதியில் சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பின் எழுந்து மாலை மூன்று மணிக்குப் பின் மறையும். பகல் ஆறு மணித்தியாலம் கூட முழுமையாக இராது. ஜூனில் அதே ஒஸ்லோவில் பகல் ஏறத்தாழ 19 மணித்தியாலம். நீங்கள் புள்ளிக்கோடு போட்ட ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் துரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை மறைவதே இல்லை. சூரியன் எழாத நாட்களிலும் முழுநேரமும் கரிய இருள் என்று எண்ண வேண்டாம். நண்பகலில் சில மணிநேரம் நம் ஊரில் விடிகாலையில் தெரிவது போன்ற நீல வெளிச்சம் வரும், அதில் பனி பளிச்சென்று தெரியும்.

பிள்ளைகள் இதைக் கேட்டு நம்புவதைவிடத் தாங்களே குறித்துப் பார்ப்பது நல்லது. ஒரு நாட்காட்டியில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சூரியன் எழும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். வசந்தத்தில் ஒஸ்லோவில் பகல் ஒவ்வொரு கிழமையும் அரைமணித்தியாலத்துக்கு மேல் கூடிக்கொண்டு போவதைக் கண்டவுடன் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறில் பின்னே இழுப்பார்கள். ஆகவே ஊரில் உள்ள அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது, இலங்கை நேரம் குளிர்காலத்தில் நான்கரை மணித்தியாலமும் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் முன்னே இருக்கும்.

பொழுதுக்கு ஏற்பச் செய்ய வேண்டியவை சில உண்டு. கோடைக்காகப் படுக்கையறைச் சாளரத்துக்கு ஒளி புகாத திரை போடுங்கள். வெயில் இருக்கிறதே என்று பதினொரு மணிவரை பிள்ளைகளை விழித்திருக்க விட்டால் காலையில் வகுப்பில் தூங்குவார்கள். குளிர்காலத்துக்கு விற்றமின் டி பற்றி மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டு முடிவெடுங்கள். கறுத்த தோல் உடைய நமக்கு, குறைந்த வெயிலில் உடல் அதைப் போதிய அளவு உண்டாக்குவது கடினம். நோர்வீஜியர் இதற்குக் கொட் மீனின் ஈரல் எண்ணெயைக் குடிக்கிறார்கள். மாதத்தின் பெயரில் ‘ர்’ ஒலி வந்தால் ஒரு கரண்டி குடி என்பது அவர்கள் வீட்டு வழக்கு. நோர்வீஜிய மொழியில் மே, ஜூன், ஜூலை, ஓகஸ்ட் என்ற நான்கு மாதங்களின் பெயரில் அந்த ஒலி இல்லை. ஓகஸ்டை அவர்கள் ‘அவ்குஸ்ட்’ என்பார்கள். மிச்ச எட்டிலும் இருக்கிறது. வெயிலுள்ள மாதங்களையும் இல்லாத மாதங்களையும் ஓர் எழுத்தால் பிரித்து வைத்திருப்பது அழகுதான். எண்ணெயின் மணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

குளிரைப் பற்றியும் ஒரு திருத்தம் வேண்டும். நாடு முழுவதும் ஒரே குளிர் இல்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் மேற்குக் கரையைத் தழுவிக்கொண்டு போவதால், வடமுனை வரை துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. கடற்கரையில் இருக்கும் பேர்கனில் பனியைவிட மழை அதிகம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்யும், ஆகவே அங்கே முதலில் வாங்க வேண்டியது நல்ல மழையுடை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் உள்நாட்டில்தான் கடுங்குளிர். காராஷொக் என்ற ஊரில் 1886 ஜனவரி 1ஆம் நாள் பதிவான சுழியத்துக்குக் கீழே 51.4 பாகை செல்சியஸ் இன்றுவரை நாட்டின் சாதனை. நீங்கள் குடியேறும் ஊர் கரையிலா உள்ளேயா என்பதை வரைபடத்தில் பார்த்த பிறகே உடை வாங்கப் போங்கள்.

மூன்றாம் படி: உடையை அடுக்குங்கள்

கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடைதான் உண்டு என்பது இந்த நாட்டுப் பழமொழி. நோர்வீஜியச் சொற்களில் இது எதுகையோடு வருவதால் சிறு பிள்ளைகள் கூட ஒப்புவிப்பார்கள். முதல் குளிர்காலத்தில் நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். மகனுக்கு மிகத் தடித்த மேற்சட்டை ஒன்றை வாங்கி, அதற்குள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி உள்ளாடையையும் பருத்திக் காலுறையையும் போட்டு அனுப்பினேன். அவன் ஓடி விளையாடி வியர்த்தான், பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாயிற்று, நின்றவுடன் அந்த ஈரம் உடம்பைக் குளிரவைத்தது. மேற்சட்டைக்குக் கொடுத்த பணம் வீண். மறுநாள் அவனுடைய ஆசிரியை என்னிடம் சொன்னது ஒரே சொல்: ‘உல்’. கம்பளி என்று பொருள்.

உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் ஒரு கம்பளி அல்லது பிளீஸ் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத உடை என்பதுதான் அடுக்கு. சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும், கம்பளிக் காலுறைக்குள் விரல் அசைய இடமில்லாவிட்டால் கால் விறைக்கும். சிறுவர்களுக்கு விரல் பிரித்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை சூடானது. இரண்டு சோடி கொடுத்தனுப்புங்கள், ஒன்று எப்படியும் நனையும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், ஏனெனில் வகுப்பறைக்கு வெளியே உள்ள நடைக்கூடத்தில் ஒவ்வொரு கொக்கியிலும் ஒரே கடற்படை நீலத்தில் இருபது உடைகள் தொங்கும்.

பிரதிபலிப்பான் கட்டாயம் அணிய வேண்டும். தாழ்த்திய விளக்கோடு வரும் வாகனத்தின் சாரதிக்கு, இருளில் கறுப்பு மேற்சட்டை போட்ட ஒருவர் 25 முதல் 30 மீற்றர் தூரத்தில்தான் தெரிவார். பிரதிபலிப்பான் தொங்கவிட்டால் சுமார் 140 மீற்றரிலேயே தெரிவார். பாடசாலைகளிலும் வங்கிகளிலும் பல நேரம் இலவசமாகவே கொடுப்பார்கள். அதை முழங்கால் உயரத்தில் ஆடும்படி தொங்கவிடுங்கள். சறுக்குமட்டை, பனிச்சப்பாத்து போன்றவற்றை வாங்கத் தேவையில்லை. பூவா என்ற பெயரில் பல ஊர்களில் இயங்கும் நிலையங்கள் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் தருகின்றன.

நான்காம் படி: மனிதரையும் மொழியையும் அறியுங்கள்

மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் நகரங்களிலும் சிறு பட்டினங்களிலுமே வாழ்கிறார்கள். ஒஸ்லோ கொமூனவில் மட்டும் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். கொமூன என்பது நம் பிரதேச சபையையும் மாநகர சபையையும் ஒத்த உள்ளூராட்சி அமைப்பு. பாடசாலை, நூலகம், சுகாதார நிலையம் ஆகிய மூன்றுக்கும் அதுவே பொறுப்பு என்பதால் பெற்றோர் முதலில் அறிய வேண்டிய அலுவலகமும் அதுதான். 2024 முதல் நாட்டில் 357 கொமூனகள் இருக்கின்றன.

வடக்கில் சாமி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் இந்த மண்ணின் பழங்குடியினர். தங்களுக்கென்று மொழிகளும் துருவமான் வளர்ப்பும் உடையவர்கள். ஒரு காலத்தில் பாடசாலைகளில் தம் மொழியைப் பேச விடாமல் தடுக்கப்பட்டவர்கள். 1989இல் காராஷொக்கில் அவர்களுக்கான நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. பெப்ரவரி 6ஆம் நாள் அவர்களது தேசிய நாள், பாடசாலைகளிலும் கொண்டாடுவார்கள். தாய்மொழியைக் காப்பாற்றப் பாடுபட்ட மக்களின் கதை என்பதால் நம் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

குடிவரவாளரும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் சேர்ந்து மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். தமிழர் கதை 1956இல் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். அந்த ஆண்டு யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் இங்கு வந்தார். பின்னர் அவருடைய முயற்சியால் எழுந்த சீநோர் மீன்பிடித் திட்டத்தின் பெயர் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். 1980களிலும் 90களிலும் வந்த பலர் வடகோடியில் உள்ள மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்து வாழ்க்கையைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுபிள்ளையாக இங்கு வந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை நகரபிதாவாகவும், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

மொழியில் முதலில் எழுத்துக்களைப் பிடியுங்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களோடு இன்னும் மூன்று உண்டு: ‘ஏ’யும் ‘ஈ’யும் ஒட்டிப் பிறந்தது ஒன்று, குறுக்கே கோடு போட்ட ‘ஓ’ ஒன்று, தலையில் சிறு வட்டம் வைத்த ‘ஏ’ ஒன்று. இவை அகராதியில் கடைசியில் வரும். எழுத்துமொழிக்கு பூக்மோல், நீநொர்ஷ்க் என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. டேனிஷ் ஆட்சிக்கால எழுத்திலிருந்து வந்தது முதலாவது. இரண்டாவதை 19ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசன் என்பவர் நாடெங்கும் நடந்து வட்டாரப் பேச்சுகளைத் திரட்டி உருவாக்கினார். பாடசாலையில் ஒன்று முதன்மையாக இருக்கும். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால் பிள்ளை நோர்வீஜியம் விரைவாகப் படிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தன் மொழியில் ஒன்றை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு மற்ற மொழியில் அதன் பெயரை மட்டும் படித்தால் போதும்.

ஐந்தாம் படி: பாடசாலை நாளை ஒத்திகை பாருங்கள்

பிள்ளைக்கு ஆறு வயது ஆகும் ஆண்டின் ஓகஸ்டில் முதலாம் வகுப்புத் தொடங்குகிறது. பத்தாண்டுகள் கட்டாயக் கல்வி. 1 முதல் 7 வரை ஆரம்பப் பாடசாலை, 8 முதல் 10 வரை இளையோர் பாடசாலை. அரச பாடசாலையில் கட்டணம் இல்லை, புத்தகத்துக்குப் பணம் இல்லை, சீருடையும் இல்லை. 7ஆம் வகுப்பு முடியும்வரை புள்ளி போட மாட்டார்கள். என் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது என்று கேட்கும் பெற்றோருக்கு ஆசிரியர் சிரித்துக்கொண்டு பதில் சொல்லாமல் விடுவார். அவரிடம் அந்தக் கணக்கே இருக்காது. நோர்வீஜியம் போதாத பிள்ளைகளுக்குத் தனியாக மொழி கற்பிக்கப்படுவது சட்டப்படியான உரிமை. சில இடங்களில் இதற்கென்று வரவேற்பு வகுப்புகள் இருக்கும், சில இடங்களில் வழமையான வகுப்பில் வைத்தே உதவுவார்கள். எது உங்கள் பிள்ளைக்கு என்று சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள்.

ஆசிரியரை அவருடைய முதற்பெயரால் அழைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது நாக்கில் வராது. சேர், ரீச்சர் என்றே வாய் போகும். அவர் உள்ளே வரும்போது எழுந்து நிற்கத் தேவையில்லை, கேள்வி கேட்பது மரியாதைக் குறைவும் இல்லை. பிள்ளையை அடிப்பது பாடசாலையில் மட்டுமல்ல, வீட்டிலும் சட்டப்படி குற்றம் என்பதைப் பெற்றோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

வாரத்தின் எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் மாதத் தேதியைவிட வார எண்ணைச் சொல்லியே திட்டமிடுவார்கள். ஒஸ்லோவில் இலையுதிர்கால விடுமுறை 40ஆம் வாரம், குளிர்கால விடுமுறை 8ஆம் வாரம் என்றால் எல்லோருக்கும் விளங்கும், புதிதாக வந்தவருக்கு மட்டும் விளங்காது. வார எண் அச்சிட்ட நாட்காட்டி ஒன்றைச் சமையலறையில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு கிழமையும் வரும் வாரத்திட்டத்தை ஞாயிறு இரவு ஒரு முறை வாசித்துவிடுங்கள். நீச்சல், காட்டு நடை, நூலகம் என்று எந்த நாளில் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அதில் இருக்கும்.

இனி அந்த ஆறிய பாண். பெரும்பாலான பாடசாலைகளில் சமைத்த உணவு கொடுப்பதில்லை; பிள்ளைகள் வீட்டிலிருந்து ‘மாட்பாக்கெ’ என்ற உணவுப்பொதியைக் கொண்டுபோகிறார்கள். செய்முறை இதுதான். கரிய தானியப் பாணில் மூன்று துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் பட்டர் தடவி, ஒன்றில் சீஸ், ஒன்றில் ஈரல் விழுது, ஒன்றில் பழுப்பு நிறச் சீஸ் வையுங்கள். மேலே இன்னொரு பாண் துண்டால் மூடுவதில்லை. துண்டுகள் ஒட்டாதிருக்க இடையிடையே சதுரமாக வெட்டிய மெல்லிய தாளை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அந்தத் தாள் கடையில் கட்டாகவே விற்கும். பழுப்புச் சீஸ் என்பது பால் திரைந்தபின் பிரியும் நீரை, அதிலுள்ள சர்க்கரை பழுப்பாகும் வரை காய்ச்சி எடுப்பது. பால்கோவா பிடிக்கும் பிள்ளைக்கு அது உடனே பிடித்துவிடும். எட்டு மணித்தியால வெளிச்சம் கூட இல்லாத காலத்தில், வயலிலும் படகிலும் நின்ற இடத்தில் சாப்பிட்டு, வெளிச்சம் தீருமுன் வேலை முடிப்போருக்கு ஏற்ற உணவு இது என்று நான் பிள்ளைகளுக்கு விளக்கினேன். என் மகள் அதை ஏற்றுக்கொண்டாள். ஆனாலும் ஒரு நாள் புட்டும் சம்பலும் கொண்டுபோனாள். கொண்டுபோகலாம், தடையில்லை. ஆறிய புட்டு கல்லாகும் என்பதும், சூடாக்கும் அடுப்பு எல்லா வகுப்பிலும் கிடைக்காது என்பதும் மட்டுமே இடைஞ்சல். கச்சான் முதலிய கொட்டை வகைகளை அனுப்புமுன் ஆசிரியரிடம் கேளுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகச் சில வகுப்புகளில் அவற்றைத் தவிர்ப்பார்கள். மத்தியானச் சாப்பாடு முற்பகல் பதினொரு மணியளவில் முடிந்துவிடும். சூடான பெரிய சாப்பாட்டை நோர்வீஜியர் வீட்டில் மாலை நாலு, ஐந்து மணிக்கே உண்பார்கள். நண்பன் வீட்டில் விளையாடப் போன பிள்ளை அந்த நேரத்தில் திரும்பிவர வேண்டும், அல்லது சாப்பிட்டுவிட்டு வரும் என்று முன்னமே பேசி வைத்திருக்க வேண்டும்.

இடைவேளையில் மழையோ பனியோ வெளியே போக வேண்டும். மிகக் கடுங்குளிர் நாட்களில் மட்டும் உள்ளே வைப்பார்கள். வெளிச்சம் அரிதான நாட்டில் பகல் வெளிச்சத்தை வீணாக்குவதில்லை. நீச்சலும் கட்டாயப் பாடம். நான்காம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் நீந்தப் பழகியிருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. கரையிலிருந்து நாலு அடியில் ஆழம் என்பதை முதற்படியில் பார்த்தோம் அல்லவா? பெண்பிள்ளைகளுக்கு நீச்சலிலிருந்து விலக்குக் கேட்கும் பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: கடை, பணம், பேருந்து

பணத்தின் பெயர் குரோனர். 1 குரோனர், 5 குரோனர் நாணயங்களின் நடுவே ஓட்டை இருக்கும். பணத்தாளில் யாருடைய முகமும் இல்லை: 50இல் கலங்கரை விளக்கம், 100இல் வைக்கிங் கப்பல், 200இல் கொட் மீன், 500இல் மீட்புக் கப்பல், 1000இல் வெறும் அலை. வரைபடத்தில் கண்ட கடல் பணப்பையிலும் இருக்கிறது. அன்றாடம் எல்லோரும் அட்டையாலேயே கொடுப்பதால் பிள்ளைகள் இந்தத் தாள்களை அரிதாகவே காண்பார்கள். ஒரு முறை எடுத்துக் காட்டுங்கள்.

பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். இதற்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை, பழைய ஓய்வுநாள் வழக்கம் சட்டமாகி நிற்கிறது, அவ்வளவுதான். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பும் சனிக்கிழமைக்கு உரியது. மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. பேருந்துச் சீட்டைக் கைப்பேசிச் செயலியில் ஏறுமுன்னே வாங்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். யார் வீட்டுக்குள் போனாலும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், இது நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத ஒன்று.

ஏழாம் படி: வெளியே போங்கள்

ஒருவருக்குச் சொந்தமான காடு, மலை என்றாலும் பயிர்நிலமாக இல்லாவிட்டால் யாரும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம், கூடாரம் அடிக்கலாம் என்ற உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. கூடாரம் வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் தீ மூட்டக் கூடாது. மலைக்குப் போவோருக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. காலநிலை மாறினால் நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்ற விதியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். துருவக்கரடி வருமா என்று கேட்பார்கள். அது வடக்கே கடல் தாண்டி இருக்கும் ஸ்வால்பார் தீவுகளில் வாழ்கிறது, பெருநிலக் காட்டில் இல்லை.

அவசர எண்கள் மூன்று: தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 112, நோயாளர் வண்டிக்கு 113. இவற்றைக் கதவின் உட்பக்கம் ஒட்டி, வீட்டு முகவரியையும் கீழே எழுதி, அந்த முகவரியை நோர்வீஜிய உச்சரிப்பில் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். பதற்றத்தில் முதலில் மறப்பது தெருவின் பெயர்தான்.

மே 17 வருமுன் இவ்வளவையும் ஒரு சுற்று முடித்திருந்தால் நல்லது. 1814இல் அரசியலமைப்பு கைச்சாத்தான நாள் அது. அன்று ஊர்வலத்தில் முன்னே நடப்பது படையினர் அல்லர், பாடசாலைப் பிள்ளைகள். வகுப்பு எங்கே எத்தனை மணிக்குக் கூடும் என்பது வாரத்திட்டத்தில் வந்திருக்கும். பாரம்பரிய உடை இல்லாதவர்கள் நல்ல உடை அணிந்து வந்தால் போதும். பட்டுப்பாவாடையில் வரும் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. உள்ளே கம்பளி போடுங்கள், மே மாதக் காற்று ஏமாற்றும். கையில் சிறு கொடி ஒன்று இருக்கட்டும், தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். ஊர்வலம் முடிந்த பின் பாடசாலை முற்றத்தில் சாக்கு ஓட்டமும் கயிறிழுப்பும் நடக்கும். அன்று மட்டும் ஐஸ்கிரீமுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது பிள்ளைகள் எல்லோரும் அறிந்த விதி, பெற்றோரும் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது நல்லது.